மழைக்குப் பத்து

பல் டாக்டர் அதைக் கண்ணாடித்தாள் உறைக்குள் போட்டு, உறையை ஒரு தடித்த அட்டைமேல் வைத்து, அட்டையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு உள்ளறையிலிருந்து வந்தார். பிரசவ அறைக்கு வெளியே காத்திருப்பவர்களிடம் குழந்தையைக் கொண்டுவந்து காட்டுவார்களே, அந்த நடை. மேசைமேல் வைத்துவிட்டு ஓர் அடி பின்னால் தள்ளி நின்றார்.

"இப்பப் பாரும்மா" என்றார்.

அவள் பார்த்தாள். அவளுடைய ஆட்டப் புத்தகம்தான். சொந்த மைதானத்தில் நடக்கும் ஒவ்வொரு கால்பந்து ஆட்டத்துக்கும் அணியே அச்சடித்து வாசலில் விற்கிற மெல்லிய புத்தகம். இரண்டு அணிகளின் பெயர்ப் பட்டியல், பயிற்சியாளர் எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு பக்கம், டயர் விளம்பரம், வங்கி விளம்பரம், நடுவில் தாள்களைத் தைத்த இரண்டு கம்பி ஊசி. அவ்வளவுதான் சமாச்சாரம். ஆனால் இந்தப் புத்தகம், மழை கொட்டி பாதியில் நின்றுபோன ஓர் ஆட்டத்துக்கானது. அன்றைக்கு விற்றதெல்லாம் அவரவர் கையிலேயே கூழாகிவிட்டது. விற்காமல் கட்டுக்கட்டாகக் கிடந்ததைக் கிடங்கில் புகுந்த தண்ணீர் தின்றுவிட்டது. இதற்கு இன்னொரு பிரதி இருப்பதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

அட்டையில் இருந்த டீக்கறை போயிருந்தது. குறுக்கே ஓடிய மடிப்பு, இஸ்திரி போட்ட சட்டை மாதிரி படிந்திருந்தது. துருப்பிடித்த ஊசிகளின் இடத்தில் புது ஊசிகள் மினுங்கின. அவள் அவசரமாக உறையைப் பிரித்து நடுப்பக்கத்தைத் திறந்தாள். பெயர்ப் பட்டியலுக்குப் பக்கத்திலிருந்த ஓரம் முழுவதும் வெள்ளை. இப்போதுதான் பல் விளக்கிவிட்டு வந்த வெள்ளை.

"இதுல எழுதியிருந்ததெல்லாம் எங்க சார்?"

"அதான் எடுத்துட்டேனே!" அவர் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார் போலிருக்கிறது. "இத்தனை நாளா வேற வேலையே பாக்கல, தெரியுமா? சாதா ரப்பர் போட்டா பேப்பர் பஞ்சாப் போயிடும். மாவு மாதிரி ஒரு ரப்பர் இருக்கு, அதை வச்சு ஒத்தி ஒத்தி எடுக்கணும். நல்லவேளை, பென்சில். பேனாவா இருந்திருந்தா நானே கையை விரிச்சிருப்பேன்."

வாசலில் யாரோ அழைப்புமணி அடித்துவிட்டுப் போனார்கள். அவர் அசையவில்லை. நன்றிக்காக நின்றுகொண்டிருந்தார்.

---

அவளுடைய அம்மா கிழக்கு கேலரியைக் கூட்டுகிறவள். மைதானத்தில் கூட்டுகிறவர்களுக்கு ஆளுக்கொரு திசை. பெயர் சொல்லிக் கூப்பிடுவதெல்லாம் எப்போதோ ஒழிந்துவிட்டது. வடக்கு கேலரியைக் கூட்டுகிறவள் வடக்கு, அம்மா கிழக்கு. "ஏ கிழக்கு, அந்த முறத்தக் குடு", "வடக்குக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல" என்றுதான் பேச்சு. மேற்கு கேலரிக்குக் கூரை உண்டு, மெத்தை வைத்த இருக்கை உண்டு, ஆட்டம் பார்க்கிறவர்களின் முதுகுக்குப் பின்னால் சூரியன் பணிவாக இறங்கும். கிழக்கில் கூரை கிடையாது. சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் குத்தும். அதனால் மலிவான மூன்றாந்தர டிக்கெட், அதனால் கூட்டம், அதனால் குப்பை.

கூட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. வெறுங்கையை வீசிக்கொண்டு முதலில் உச்சிப் படிக்கு ஏறிவிட வேண்டும். அங்கிருந்து ஒவ்வொரு படியாகத் தள்ளிக்கொண்டு கீழே வர வேண்டும். கீழேயிருந்து மேலே போனால் கூட்டிய இடத்திலேயே மறுபடியும் குப்பை விழும். இருக்கைகளைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருப்பதால் அடியில் துடைப்பம் நுழையாது. இடுப்பை மடித்துக் குனிந்து கையால்தான் இழுக்க வேண்டும். கேலரி முழுவதும், ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு குனிவு. அம்மாவின் முதுகு இன்றைக்கும் முழுசாக நிமிர்வதில்லை.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அச்சடித்ததற்கும் கையால் எழுதியதற்கும் வித்தியாசம் தெரியும். அச்சடித்தது சாக்குக்குள் போகும். கையால் எழுதியது இடுப்பில் சொருகப்படும். "ஒரு ஆளு உக்காந்து எழுதியிருக்குன்னா அதுல என்னமோ இருக்குடி. நாளைக்கு அத காணோம்னு தேடிக்கிட்டு வந்தா நான் என்ன பதில் சொல்றது?" என்பாள். யாரும் தேடிக்கொண்டு வரவில்லை. ஆட்டப் புத்தகத்தைத் தொலைத்துவிட்டு எவன் தேடிக்கொண்டு வருவான்? ஆனாலும் அம்மா தூக்கிப் போடவில்லை. யாரோ கொடுத்த தொலைக்காட்சிப் பெட்டியின் அட்டைக்கூட்டில் சேர்த்துக்கொண்டே வந்தாள். அந்தக் கூடு வீட்டில் கட்டிலுக்கு அடியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. இவர்கள் துணிமணி மிச்சப் பாதியில் ஒண்டிக்கொண்டது.

மகள் வாசிக்கப் பழகியது அந்தக் கூட்டிலிருந்துதான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் எல்லாரும் நல்லவர்களாக இருந்தார்கள், எல்லாரும் பாடுபட்டார்கள், எல்லாரும் உயர்ந்தார்கள். படிக்கப் படிக்கக் கொட்டாவி வரும். இந்தப் புத்தகங்களின் ஓரத்தில்தான் உயிரோடு இருக்கிற மனிதர்கள் எழுதியிருந்தார்கள். ஒருவர் ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரியை அடித்து அடித்துத் திருத்தியிருந்தார். ஒருத்தி "நீ கோலைப் பார், நான் கிளம்புகிறேன்" என்று பக்கத்தில் இருந்தவனுக்கு எழுதியிருந்தாள். அவன் அதைப் படித்தானோ இல்லையோ, புத்தகம் இருக்கைக்கு அடியில் கிடந்தது.

அத்தனை பேரிலும் ஒருவர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தார். மேலிருந்து மூன்றாவது வரிசை, விளக்குக் கம்பத்தை ஒட்டிய இருக்கை. ஆணா பெண்ணா தெரியாது. கூட்டம் கலைந்த பிறகுதான் அம்மா ஏறுவாள் என்பதால் அவளும் பார்த்ததில்லை. வீட்டில் இரண்டு பேரும் 'கம்பத்தடிக்காரர்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவர் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் பத்துக்கு இவ்வளவு என்று பென்சிலால் மதிப்பெண் போட்டு, பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டுப் போவார். கோல்கீப்பருக்கு: "நின்ற இடத்தில் நின்றார். கம்பமும் அதைத்தான் செய்தது. 3." இடதுபக்கத் தடுப்பாளருக்கு: "எங்கெங்கோ ஓடினார், பந்து இருந்த பக்கம் தவிர. 4." நடுவருக்கு: "வீட்டில் சண்டை போலிருக்கிறது. 2." எவனுக்கும் ஏழுக்குமேல் போட்டதில்லை. அந்த ஏழும் ஒரே ஒரு முறை, வெளியூர் அணியின் வயதான தடுப்பாளர் ஒருவருக்கு: "தள்ளிவிட்டார். தூக்கியும் விட்டார். 7."

சிறு வயதில் அம்மா உச்சிப் படியில் அவளை உட்காரவைத்துவிட்டுக் கூட்டுவாள். அவள் அந்த வரிகளை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரிப்பாள். கீழேயிருந்து அம்மா, "என்னடி சொல்றாரு?" என்பாள். அவள் கத்திச் சொல்வாள். வெறும் மைதானத்தில் அது எதிரொலித்து, வடக்கு கேலரியிலிருந்து வடக்கு அக்கா கெக்கெக்கென்று சிரிப்பாள். மகளுடைய வாய்த்துடுக்கு யாரிடமிருந்து வந்தது என்று சொந்தக்காரர்கள் ஆராய்ச்சி செய்வதுண்டு. அப்பாவழியில் எல்லாரும் ஊமைக்கோட்டான்கள், அம்மாவழியில் தலையாட்டிகள். அது கம்பத்தடிக்காரரிடமிருந்து வந்தது. கல்லூரியில், வேலைக்கான நேர்முகத்தில், "உங்க வீட்ல யாரும் படிக்கலையா?" என்று இரக்கத்தோடு கேட்டவர்களுக்கெல்லாம் அவள் மனதுக்குள் மதிப்பெண் போட்டிருக்கிறாள். இரண்டுக்குமேல் யாரும் தேறவில்லை.

மழையால் ஆட்டம் நின்ற மறுநாள் காலையில்தான் அம்மா கூட்டப் போனாள். கேலரி முழுவதும் சொதசொதவென்று காகிதக் களி. கம்பத்தடி இருக்கைக்கு அடியில் மட்டும் ஒரு நெகிழிப் பை, வாயை முறுக்கிச் சுருட்டி, கீழே செருகி வைத்திருந்தது. உள்ளே புத்தகம், ஒரு பொட்டு ஈரம் இல்லாமல். பெயர்ப் பட்டியல் முழுவதற்கும் குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில், கொஞ்சம் அழுத்தி:

"மழை. யாருக்காகவும் நிற்கவில்லை. 10."

அதற்குப் பிறகு அந்த இருக்கைக்கு அடியில் எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த பருவத்திலும் இல்லை. அம்மா இன்னமும் உச்சிப் படி ஏறியதும் முதலில் அங்கேதான் குனிகிறாள்.

---

பல் டாக்டர் வந்தது இதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து. அவள் அதற்குள் பட்டம் வாங்கி, ரத்தப் பரிசோதனைக் கூடமொன்றில் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ரசிகர்களின் கைபேசிக் குழுவில் மழைப் புத்தகத்தின் அட்டையைப் படமெடுத்துப் போட்டாள். அடுத்த நாளே ஆள் வீட்டு வாசலில். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பல் மருத்துவர், ஆட்டப் புத்தகம் சேகரிப்போர் சங்கத்தின் தலைவர். அணி தொடங்கிய நாளிலிருந்து எல்லாப் புத்தகமும் அவரிடம் உண்டு, இது ஒன்றைத் தவிர. வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் துணி குவிந்திருந்ததால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். புத்தகத்தை வாங்குவதற்கு முன் கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார். அந்தப் பயபக்தியைப் பார்த்துத்தான் அவள் ஏமாந்தாள்.

"எங்கேம்மா கிடைச்சுது இது?"

"சீட்டுக்கு அடியில" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

அவர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்.

அவர்தான் சொன்னார், சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி வருகிறது, கிழக்கு கேலரிக்கு அடியிலிருக்கும் மண்டபத்தில், அவளுக்கும் ஒரு மேசை தரலாம் என்று. அவளுக்கு உள்ளுக்குள் ஒன்று துள்ளியது. ஊரிலுள்ள கால்பந்துப் பைத்தியமெல்லாம் வந்து போகிற இடம். அந்தக் கையெழுத்தை யாராவது ஒருத்தர் அடையாளம் கண்டுவிடலாம். ஏன், கம்பத்தடிக்காரரே வரலாம். மேசைக்கு முன்னால் நின்று, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இது நான் எழுதினதாச்சே" என்று சொல்லலாம். அம்மாவுக்கு அது போதும். அவளுக்கும் அது போதும். படம் எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று அவர் மழைப் புத்தகத்தைக் கேட்டபோது, அம்மா, "பெரிய மனுஷன் கேக்குறாரு, குடுத்து அனுப்பேன்" என்றாள். அவளும் கொடுத்து அனுப்பினாள்.

சங்கத்தின் தரவரிசை அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. முதல் தரம்: யாரும் திறந்து பார்க்காத பிரதி. இரண்டாம் தரம்: திறந்திருக்கலாம், ஆனால் திறந்த அடையாளம் இருக்கக் கூடாது. மடிப்பு, கறை, எழுத்து இருந்தால் மூன்றாம் தரம். யாரும் படிக்காததுதான் உசத்தியாம். இந்த ஒன்றைக் கேட்டதுமே அவள் சுதாரித்திருக்க வேண்டும்.

---

"சார், உங்க கல்யாண ஆல்பம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கே. எதுக்கும்மா?"

"குடுங்க. மூஞ்சியெல்லாம் அழிச்சுக் கொண்டாந்து தரேன். பேப்பர் புதுசாயிடும்."

அவர் விழித்தார். கேலியா கோபமா என்று பிடிபடாமல் அவருடைய புன்னகை பாதியில் நின்றது. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வாயிலிருந்து கறை எடுத்து நல்ல பெயர் வாங்கியவர். எழுத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

"அது யாரோ கிறுக்கினதும்மா" என்றார் மெதுவாக. "ஏதோ பொழுதுபோகாம கிறுக்கிட்டுத் தூக்கிப் போட்டது. அதுக்குப் போயி... நீ படிச்ச பொண்ணு, உனக்குச் சொல்லணுமா?"

படித்த பெண். வீட்டுப் பக்கம் இந்தச் சொல்லுக்கு அடங்கிப் போ என்று அர்த்தம். வெளியே போனாலும் அதே அர்த்தம்தான், குரல் மட்டும் கொஞ்சம் மெத்தென்று இருக்கும்.

"நான் படிச்சதே இதைத்தான் சார். எங்க லேப்ல தப்பா எழுதிட்டாக்கூட அழிக்க விட மாட்டாங்க. மேல ஒரு கோடு போடணும், அடியில இருக்குறது தெரியணும். தப்புக்கே அந்த மரியாதை. நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா எங்கள?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லிடுவியேன்னு..." சொல்லிவிட்டு, சொன்னதன் அபத்தம் அவருக்கே உறைத்தது போலிருந்தது. சட்டென்று வேறு பக்கம் தாவினார். "சரி, அதை விடு. இப்ப இது ரெண்டாந்தரம் ஆயிடுச்சு பாரு. கண்காட்சியில என் பெட்டியில நடுவால வைக்கிறேன், உன் பேரு போட்டே வைக்கிறேன். மத்ததையும் கொண்டா. முடிஞ்ச வரைக்கும் அழிச்சுக் குடுத்துடுறேன். இல்லன்னா எங்க சங்கச் செயலாளர் மேசை குடுக்க ஒத்துக்க மாட்டாரு."

"மத்ததையுமா?"

"எல்லாத்தையும்."

அவர் மனதார உதவி செய்துகொண்டிருந்தார். அட்டைக்கூடு முழுவதும் ஒத்தி ஒத்தி வெள்ளையாவதை அவள் ஒரு கணம் கண்ணால் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். கண்ணாடித்தாள் உறையை மேசைமேலேயே விட்டுவிட்டாள்.

"உறை, உறைம்மா! கைரேகை படும்!"

"படட்டும் சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

வீடு போய்ச் சேர்வதற்குள் செயலாளரிடமிருந்து கைபேசியில் செய்தி வந்துவிட்டது. 'எழுத்து உள்ள பிரதிகள் காட்சிக்கு ஏற்கப்படா. தங்களுக்கு ஒதுக்கிய மேசை ரத்து செய்யப்படுகிறது. ஒத்துழைப்புக்கு நன்றி.' எந்த ஒத்துழைப்புக்கு என்று தெரியவில்லை.

---

அம்மா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வடக்கு அக்கா கதவுநிலையில் சாய்ந்து உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் உள்ளே வந்து விஷயத்தைச் சொன்னாள்.

"எழுதியிருந்தது எல்லாத்தையுமா அழிச்சிட்டாரு?" என்றாள் அம்மா.

"எல்லாத்தையும்."

"மழையையும்?"

"மழையையும்."

அம்மா துணியைக் கட்டிலில் போட்டுவிட்டுப் புத்தகத்துக்குக் கை நீட்டினாள். திட்டுவாள், அல்லது பரவாயில்லை விடு என்பாள் என்று அவள் இரண்டுக்கும் தயாராக இருந்தாள். அம்மா இரண்டையும் செய்யவில்லை. "வந்து கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி மகளிடம் கேட்டதாகவும் தெரியவில்லை.

"எவ்ளோ வருஷமாச்சு அம்மா. மறந்துட்டுப் போனவங்க இனிமே எங்க வரப்போறாங்க?"

"மறந்துட்டுப் போறவங்க பையில சுத்தி, வாய முறுக்கி, அடியில செருகி வச்சிட்டா போவாங்க?" அம்மாவுக்கு இப்போதுதான் கோபம் வந்தது. "எடுக்குற ஆளுக்கு நனையாம கிடைக்கணும்னு வச்சிட்டுப் போயிருக்காங்கடி. எடுத்தது நான். அந்தாளு யாரு நடுவுல?"

வடக்கு அக்கா தைலத்தை மூடினாள். "பல்லுப் புடுங்குறவன்கிட்ட குடுத்தா புடுங்கத்தான செய்வான்?"

அம்மா நடுப்பக்கத்தைத் திறந்து, வெற்று ஓரத்தில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தாள். துடைப்பக்கட்டை பிடித்துக் காய்த்துப்போன விரல். அதில் என்ன தெரியும் என்று மகள் நினைத்தாள். அம்மா நிறுத்தினாள். "இந்த இடத்துலதான பத்துன்னு ஒரு கோடும் ஒரு முட்டையும் போட்டிருந்தது? இருக்குடி. பள்ளமா இருக்கு."

அவள் வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினாள். நேராகப் பிடித்தால் வெள்ளைதான். எதிர்வீட்டு மாடிக்குமேலே இறங்கிக்கொண்டிருந்த வெயில் பக்கவாட்டில் விழும்படி கிடைமட்டமாகச் சாய்த்தாள். எழுத்து எழுந்து வந்தது. பென்சில்தான் போயிருந்தது, அழுத்தம் போகவில்லை. ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்திலும் மெல்லிய நிழல் ஒன்று படுத்திருந்தது. மழை. யாருக்காகவும் நிற்கவில்லை. அந்த ஒத்து ரப்பர் அவ்வளவு பதவிசாக வேலை செய்திருந்தது.

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். சூரியன் மாடிக்குப் பின்னால் போனதும் பக்கம் மறுபடி வெள்ளையாகிவிட்டது.

"சாயங்கால வெயில்" என்றாள் அவள். "நேரா மூஞ்சியில அடிக்கிற வெயில். அது எங்கேம்மா இருக்கு?"

அம்மாவுக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. "மேசை இல்லன்னுட்டாங்கன்ன?"

"மேசை யாருக்கு வேணும்? கண்காட்சி அன்னிக்கு கேலரி கேட்டத் திறப்பியா?"

அவள் கேட்டுவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மாவின் வேலை. மைதானத்து மேற்பார்வைக்காரன் வேலையை விட்டு நிறுத்த ஒரு சாக்கு கிடைத்தால் போதும் என்று காத்திருப்பவன். அம்மா துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"விருந்தாளிங்க வராங்க, கேலரியச் சுத்தம் பண்ணுன்னு எனக்குச் சொல்லியிருக்கு. கூட்டறதுக்கு கேட்டத் திறக்கறது என் வேலை" என்றாள். "கூட்டி முடிச்சப்புறம் எப்ப மூடணும்னு எவனும் சொல்லல."

---

கண்காட்சியன்று மதியத்துக்குமேல் அட்டைக்கூட்டை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு அம்மாவும் அவளும் உச்சிப் படிக்கு ஏறினார்கள். அம்மா ஏற்கெனவே கூட்டி முடித்திருந்தாள். மேலிருந்து கீழே, வரிசை வரிசையாக, எந்த இருக்கைக்கு அடியில் கிடைத்ததோ ஏறக்குறைய அந்த இருக்கைக்கு அடியிலேயே புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு வந்தார்கள். அம்மாவுக்கு இடமெல்லாம் ஞாபகம் இருந்தது. "அந்த ராஜினாமாக்காரன் அங்க இல்ல, இந்த ஓரம்." "அந்தப் பொண்ணு எழுதிட்டு எந்திரிச்சுப் போனது நடைபாதைப் பக்கம்." காற்றுக்குப் பறக்காமலிருக்க வடக்கு அக்கா உடைந்த காரைத்துண்டுகளை முந்தானையில் அள்ளிவந்து ஒவ்வொன்றின்மேலும் வைத்தாள். கம்பத்தடி இருக்கைக்கு அடியில் மழைப் புத்தகம். அம்மா அந்த ஓர் இருக்கையை மட்டும் சேலைத் தலைப்பால் துடைத்தாள். முதுகு சாயும் இடத்தை, கை வைக்கும் இடத்தை, எல்லாம்.

படிக்கட்டு தொடங்கும் இடத்தில் மகள் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டாள். மார்க்கர் பேனாவால், கொட்டை எழுத்தில்:

'இவை விற்பனைக்கு அல்ல. எழுதியவர் வந்து கேட்டால் தரப்படும். குனிந்து படிக்கவும்.'

மண்டபத்திலிருந்து டீ குடிக்க வெளியே வந்தவர்கள்தான் முதலில் அட்டையைப் பார்த்தார்கள். மடிப்புக் கலையாத கால்சட்டை போட்ட இரண்டு பேர் ஏறிவந்து, இருக்கைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, ஒன்றும் காணோமே என்று சுற்றுமுற்றும் பார்த்தார்கள். பிறகு ஒருவர் குனிந்தார். நின்றபடி குனிந்தால் இருக்கை மறைத்தது. இன்னும் குனிய வேண்டியிருந்தது. ஒரு கையை முன் இருக்கையில் ஊன்றி, முட்டியை மடக்கி, தலையைச் சாய்த்து. அம்மா செய்கிற அதே குனிவு. "வீட்டில் சண்டை போலிருக்கிறது" என்று வாய்விட்டுப் படித்தார். கூட வந்தவர் வெடித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு இன்னும் நாலு பேர் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கேலரி நெடுகத் தலைகள் காணாமல்போய் முதுகுகள் மட்டும் தெரிந்தன.

செயலாளர் வேகவேகமாக ஏறிவந்தார். கழுத்தில் அடையாள அட்டை ஆடியது.

"யாரு பெர்மிஷன் குடுத்தது? விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். மூணாந்தரம் காட்சிக்கு வைக்கக் கூடாதுன்னு எழுதியே குடுத்திருக்கு."

"உங்க விதி கீழ மண்டபத்துக்கு" என்றாள் அவள். "இது கிழக்கு கேலரி. இங்க மூணாந்தரம் மட்டும்தான் உக்காரும். வேணும்னா டிக்கெட்டத் திருப்பிப் பாருங்க."

"இது எவ்ளோ பெரிய..."

"தம்பி, கொஞ்சம் பாத்துக் கால வையுங்க" என்றாள் வடக்கு அக்கா பின்னாலிருந்து. "இப்பதான் கூட்டியிருக்கு."

செயலாளர் தன் காலைப் பார்த்தார். செருப்பின் நுனியில் ஒரு புத்தகம். அதை மிதிக்காமலிருக்கக் காலைத் தூக்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றார். மேற்பார்வைக்காரனுக்குச் சொல்கிறேன், நாளைக்கு இருக்கிறது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார். அம்மா ஒரு கணம் அவர் முதுகையே பார்த்தாள். நாளைக்கு என்ன ஆகும் என்பது அம்மாவுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அம்மா திரும்பி, கீழ்ப் படியிலிருந்து ஏறிக்கொண்டிருந்த ஒரு கும்பலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"கீழருந்து ஆரம்பிக்காதீங்க! முதல்ல உச்சிக்குப் போங்க, அங்கருந்து ஒண்ணொண்ணாப் பாத்துக்கிட்டு இறங்குங்க!"

இத்தனை வருடத்தில் அந்தக் கேலரியில் அம்மா இவ்வளவு சத்தமாகப் பேசி அவள் கேட்டதில்லை. கும்பல் பேசாமல் உச்சிக்கு ஏறியது.

பல் டாக்டர் வந்தபோது சூரியன் மேற்குக் கூரைக்கு அடியில் இறங்கிவிட்டிருந்தது. கூரைக்கும் கடைசி இருக்கைக்கும் நடுவிலிருந்த சந்து வழியாக வெயில் மைதானத்தைத் தாண்டி நேராக இங்கே அடித்தது. எல்லாரும் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். அவர் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினார். முழங்கால் பிரச்சினை போலிருந்தது. வழியில் எதையும் பார்க்கவில்லை. எங்கே போக வேண்டும் என்பதை அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். கம்பத்தடிக்கு வந்து, மழைப் புத்தகத்தின் முன்னால் நின்றார்.

"திறந்தவெளியில போட்டிருக்கியேம்மா" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. வலி இருந்தது. "இதுல இருந்ததைத்தான் எடுத்துட்டேனே. அப்புறம் எதைப் படிக்க வச்சிருக்க?"

அவள் கீழே தொங்கும் அட்டையைக் கைகாட்டினாள். குனிந்து படிக்கவும் என்றுதான் எழுதித் தொங்கவிட்டாயிற்றே.

அவர் குனியப் பார்த்தார். முழங்கால் விடவில்லை. மூச்சு வாங்கியது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் சுத்தமாகத் துடைத்திருந்த இருக்கையில் உட்காரப் போனார்.

"அங்க வேணாம் சார்" என்றாள் அம்மா. "அந்த சீட்டுக்கு ஆள் வருது."

அவர் அந்தரத்தில் நின்றார். காலியான இருக்கையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், இடுப்பில் சொருகியிருந்த சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த தூசியைப் பார்த்தார். பிறகு ஒரு கையைப் படியில் ஊன்றி, மெதுவாக, தரையிலேயே உட்கார்ந்தார். வெள்ளைக் கால்சட்டை. இருக்கைக்கு அடியில் தலையைத் தாழ்த்தினார். சட்டைப்பையிலிருந்து, வாய்க்குள் பார்க்கிற சின்ன விளக்கை எடுத்து அடித்தார். நேராக அடித்தார். பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

"ஒண்ணுமே தெரியலயேம்மா."

"வெயில மறைக்கிறீங்க சார்" என்றாள் அம்மா. "கொஞ்சம் தள்ளிக்கிட்டீங்கன்னா தெரியும்."

அவர் விளக்கை அணைத்தார். கைகளை ஊன்றி, உட்கார்ந்தபடியே, சிமெண்ட் படியில் தேய்ந்து தேய்ந்து நகர்ந்தார். அவருடைய நிழல் புத்தகப் பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. முதலில் முட்டை, பிறகு கோடு.